திரையில் விஞ்ஞானம், கையில் விஞ்ஞானம்
பாகாலா வட்டாரம் தரும் பாடம்

பிறந்த மண்ணைப் பிரிந்து தூர தேசங்களில் குடியேறிய தமிழர், தாம் படித்த பள்ளிக்கூடத்தை எளிதில் மறப்பதில்லை. முற்காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்பியோர் சுற்றுச்சுவர் எழுப்பினர். குடிநீர்த் தொட்டி கட்டினர். நூல் நிலையத்துக்கு அலமாரி வாங்கித் தந்தனர். இன்று சங்கக் கூட்டங்களில் அதே நல்லெண்ணம் வேறு உருவில் பேசப்படுகிறது. "நம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு பெரிய மின்திரை வாங்கித் தரலாமா? பிள்ளைகளுக்கு டேப்லெட் கருவிகள் அனுப்பலாமா?" என்ற வினா எழாத கூட்டம் அரிது.

எண்ணம் உயர்ந்ததே. ஆயினும், பாடுபட்டுச் சேர்த்த பணம் பிள்ளைகளின் அறிவாக மாறுமா, அன்றிப் பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடக்குமா என்பதை முன்கூட்டியே ஆராய்தல் நம் கடமையாகும். குறிப்பாக, விஞ்ஞானப் பாடத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது. ஏனெனில், கவிதையைக் கேட்டுச் சுவைக்கலாம். வரலாற்றைப் படித்து அறியலாம். விஞ்ஞானத்தையோ செய்து பார்த்தே தெளிய வேண்டும். செய்து பார்க்க வேண்டியதைத் திரையில் காட்டினால் போதுமா?

இதற்கு விடை தேடப் பாகாலா வட்டாரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம்.

ரயில் சந்திப்பும் ராடார் நிலையமும்

பாகாலா என்றவுடன் நம்மில் மூத்தோர் பலருக்கு நினைவு வருவது ரயில் சந்திப்பே. விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி, சித்தூர் வழியாக வந்த மீட்டர் கேஜ் பாதை இங்கே பிரிந்து, ஒரு கிளை திருப்பதிக்கும் மற்றொன்று மதனப்பள்ளி வழியாகத் தர்மாவரத்துக்கும் சென்றது. இன்று அகலப் பாதையாக மாறிவிட்ட போதிலும் சந்திப்பு சந்திப்பாகவே இருக்கிறது. 1911-ல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960-ல் திருத்தணி சென்னை இராச்சியத்துக்கு வந்தது. மற்றவை ஆந்திரத்தில் நின்றன. 2022-ல் அம்மாவட்டமும் பிரிக்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் புதிதாகத் தோன்றியது. எல்லைக் கோடுகள் எத்தனை முறை மாறினாலும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

பாகாலாவுக்கு அருகே, சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், காதங்கி என்றொரு சிற்றூர் உண்டு. உலக விஞ்ஞானிகள் பலர் இவ்வூரின் பெயரை அறிவர். தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் அமைந்துள்ளது. இந்திய அரசின் விண்வெளித் துறையைச் சார்ந்த இந்நிலையம், 1990-களின் தொடக்கத்தில் ஒரு மாபெரும் ராடார் அமைப்பாகத் தொடங்கி, 2005-ல் இன்றைய பெயரைப் பெற்றது.

அந்த ராடாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விமான நிலையங்களில் காணும் சுழலும் தட்டு அன்று அது. ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட வெளியில், 1024 ஆண்டெனாக்கள் பயிர் வரிசை போல் நடப்பட்டுள்ளன. வீட்டுக் கூரைகளில் முன்பு தொலைக்காட்சிக்காக நட்டு வைத்தோமே, அவ்வினத்தைச் சேர்ந்த கம்பிகளே இவையும். இவை 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலைகளைத் துடிப்புத் துடிப்பாக மேல்நோக்கி அனுப்புகின்றன. காற்றில் உள்ள சிறு சிறு குழப்பங்களில் பட்டு அவ்வலையின் மிக மிக நுண்ணிய பகுதி திரும்பி வருகிறது. அந்த மெல்லிய எதிரொலியைப் பொறுக்கி எடுத்துக் கணிப்பொறி கணக்கிடுகிறது. முடிவில் எந்த உயரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்பது திரையில் வரைபடமாகத் தோன்றுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. காதங்கி விஞ்ஞானியும் நாள் முழுதும் திரையைத்தான் பார்க்கிறார். நம் ஊர்ப் பிள்ளையின் முன் வைக்கப்படுவதும் திரைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விஞ்ஞானியின் திரைக்குப் பின்னால் 1024 ஆண்டெனாக்களும், உண்மையான காற்றும், பிழை நேருமோ என்ற ஓயாத ஐயமும் நிற்கின்றன. பிள்ளையின் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் யாரோ முன்பே தயாரித்த படம் நிற்கிறது. முன்னது வினாவுக்கு இயற்கை தந்த விடை. பின்னது வினா எழுமுன்னரே வந்துவிட்ட விடை. டிஜிட்டல் சாதனத்தை விஞ்ஞானக் கல்விக்குப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பாதி வழியைக் கடந்தவராவர்.

வானிலிருந்து வந்த வகுப்பறை

கருவிகளைக் கொண்டு ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் புகட்டும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக்கோளின் துணையால், ஆந்திரம் உள்ளிட்ட ஆறு இராச்சியங்களில் 2400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அவ்வோராண்டிலேயே தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சியும் அதே தொலைக்காட்சி வழியே தரப்பட்டது. பிள்ளைக்கு மட்டும் காட்டினால் போதாது, ஆசிரியருக்கும் துணை நிற்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர் என்பது பாராட்டத்தக்கது.

பின்னர் 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே இந்தியா அமைத்த முதற் செயற்கைக்கோளான எடுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அந்த ஸ்ரீஹரிகோட்டாவும் 2022-ல் திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. ஆக, பாகாலாப் பிள்ளைகள் வானத்தை அளக்கும் நிலையத்துக்கும் வானத்தில் ஏறும் தளத்துக்கும் இடையே வாழ்கிறார்கள் எனலாம். இத்தனை அருகில் இத்தனை பெரிய விஞ்ஞானம் இருந்தும், தம் பள்ளியில் ஒரு வெப்பமானியைக் கையில் பிடிக்கும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்குக் கிட்டாவிடில் அது வருந்தத்தக்கதன்றோ?

குப்பத்தில் கண்ட இரு வழிகள்

பழைய சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டு நிற்பது குப்பம். அங்கே சில ஆண்டுகளுக்குள் இரு வேறு முயற்சிகள் வேரூன்றின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

முதலாவது, ஹ்யூலெட் பக்கார்டு என்னும் அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனம் ஆந்திர அரசுடன் சேர்ந்து 2002-ல் தொடங்கிய திட்டம். மூன்றாண்டுக் காலத்துக்கென வகுக்கப்பட்ட இத்திட்டத்தின்படி சிற்றூர்களில் கணிப்பொறி நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் மக்கள் மனத்தில் நின்றது எது தெரியுமா? மகளிர் சுய உதவிக் குழுவினர் சூரிய ஒளியால் இயங்கும் புகைப்படக் கருவியும் அச்சுப் பொறியும் சுமந்து சென்று, ஊர் ஊராகப் படம் எடுத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டியதேயாகும். கருவியைத் தம் கையில் எடுத்துத் தம் தேவைக்கு ஆளத் தொடங்கியபோது அது அவர்களுடையதாயிற்று.

இரண்டாவது, அகஸ்தியா சர்வதேச அறக்கட்டளையின் பணி. வங்கித் துறையில் பணியாற்றிய ராம்ஜி ராகவன் 1999-ல் இதனைத் தொடங்கினார். குப்பத்துக்கு அருகே குடிவங்காவில் 172 ஏக்கர் நிலத்தில் இவ்வறக்கட்டளையின் வளாகம் விரிந்திருக்கிறது. பௌதிகம், இரசாயனம், உயிரியல், வானியல் எனத் துறைதோறும் பிள்ளைகள் தொட்டும் பிரித்தும் பூட்டியும் பார்க்கத்தக்க மாதிரிகள் அங்கே உள்ளன. வளாகத்துக்கு வர இயலாத பள்ளிகளுக்கு நடமாடும் சோதனைச்சாலை வண்டிகள் செல்கின்றன. வண்டியும் நுழைய இயலாத ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டியை ஏற்றிக்கொண்டு பயிற்றுநர் போகிறார். இந்த மோட்டார் சைக்கிள் சோதனைச்சாலைத் திட்டம் 2013-ல் கூகுள் நிறுவனம் இந்தியாவில் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது.

எண்ணிப் பாருங்கள். உலகின் பெரிய கணிப்பொறித் தேடல் நிறுவனம் ஒன்று நம் நாட்டில் பரிசளிக்கத் தேர்ந்தெடுத்த திட்டங்களுள் ஒன்று, மரப்பெட்டியும் கண்ணாடி வில்லையும் காந்தமும் கம்பிச் சுருளும் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிள்! அகஸ்தியாவின் மற்றொரு வழக்கமும் போற்றத்தக்கது. மாணவர்களையே இளம் பயிற்றுநர்களாக ஆக்கி, தாம் கற்ற பரிசோதனையைப் பிற மாணவர்க்குச் செய்து காட்டச் சொல்கிறார்கள். பிறர்க்குச் சொல்லித் தரும்போதுதான் தமக்கு எது தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரிகிறது.

மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கின் கதையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஓராசிரியர் பள்ளிகளுக்கென அங்கே உருவான அட்டைவழிக் கல்வி முறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ்நாடெங்கும் பரவியது. மின்சாரமே தேவைப்படாத காகித அட்டை எல்லை கடந்து வந்து நம் வகுப்பறைகளை மாற்றியது. கற்பிக்கும் முறையில் மாற்றம் வந்தால் கருவி எதுவாயினும் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

டேப்லெட் கற்பித்த பாடம்

2022 டிசம்பரில் ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படித்த நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு டேப்லெட் கருவிகளை வழங்கியது. பைஜூஸ் என்னும் தனியார் நிறுவனத்தின் பாடங்கள் அவற்றில் பதிக்கப்பட்டிருந்தன. ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பாடம் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் 2024 ஜூலையில் அந்நிறுவனம் கடன் தீர்க்க இயலாமல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது எளிது. ஒரு நிறுவனத்தின் உடைமையாகிய பாடம், அந்நிறுவனத்தின் ஆயுளோடு கட்டுண்டது. பள்ளிக்குத் தரும் பாடம், யாரும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையுள்ள பொதுச் சொத்தாக இருப்பின் அத்தகைய கவலை இல்லை.

கருவியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பிற நாடுகளும் ஆராய்ந்துள்ளன. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டம் பெரும் அளவில் நடந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட ஊர்ப்புறப் பள்ளிகளில் நடத்தி 2012-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி உயரவில்லை என்று கண்டது. இதற்கு மாறாக, டில்லியில் கார்த்திக் முரளிதரனும் அவருடைய நண்பர்களும் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் வேறு விதமான முடிவு கிடைத்தது. அங்கே மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருள், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டறிந்து, அப்படியிலிருந்து வினாக்களைத் தந்தது. சிறு குழுவாக உட்கார்த்திக் கற்பிக்க ஆளும் உடனிருந்தார். நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்கு முன்னேறினர். முன்னதில் கருவி பிள்ளையின் கைக்கு வந்தது. பின்னதில் கருவி பிள்ளையின் நிலையறிந்து வந்தது. வேறுபாடு அதுவே.

திரை செய்யக் கூடியதும் கூடாததும்

அப்படியாயின் திரை வேண்டாம் என்பதா? அன்று. கண்ணால் காண முடியாததைக் காட்டுவதில் திரைக்கு ஈடில்லை.

மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கம்பிக்குள் என்ன ஓடுகிறது என்று எந்த ஆசிரியரும் பிரித்துக் காட்ட இயலாது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டத்தில், இத்தகைய பாவனைப் பரிசோதனைகள் ஏராளமாக உருவாக்கப்பட்டுள்ளன. அவை இலவசமானவை; தமிழிலும் தெலுங்கிலும் பல கிடைக்கின்றன; ஒரு முறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்குவன. பிள்ளை திரையில் மின்கலத்தையும் விளக்கையும் கம்பியால் இணைக்கும்போது எலக்ட்ரான்கள் சிறு புள்ளிகளாக நகர்வதைக் காண்கிறது. மின்கலம் ஒன்றைக் கூட்டினால் அவை விரைகின்றன; மின்தடையைக் கூட்டினால் தயங்குகின்றன. "மின்னோட்டம் விளக்கில் செலவழிந்து விடுகிறது" என்று நெடுநாள் கொண்டிருந்த தவறான எண்ணம் இதைக் கண்டதும் அகல்கிறது. ஏனெனில் விளக்கினுள் புகுந்த புள்ளிகள் அத்தனையும் வெளியே வருகின்றன.

ஆயினும் திரையிலுள்ள விளக்கு ஒருபோதும் ஏமாற்றுவதில்லை. உண்மையான டார்ச் விளக்கு ஏமாற்றும். கம்பி நுனியில் துரு இருந்தால் எரியாது. மின்கலம் தீர்ந்திருந்தால் எரியாது. இணைப்பு தளர்ந்திருந்தால் விட்டுவிட்டு எரியும். "ஏன் எரியவில்லை?" என்று பிள்ளை ஒவ்வொன்றாக ஐயுற்று, சோதித்து, காரணத்தைப் பிடிக்கும் அந்தப் பத்து நிமிடமே விஞ்ஞானப் பயிற்சியின் உயிர். ஆகவே இரண்டும் வேண்டும். முதலில் கையால் செய்து, பிறகு திரையில் உள்ளே நடப்பதைக் கண்டு, மீண்டும் கைக்கே திரும்புவது சிறந்த முறை. திரைக்கு ஆயிரம் செலவழித்தால், கம்பிக்கும் விளக்குக்கும் நூறாவது ஒதுக்க வேண்டும்.

கைபேசியே அளவுகோல்

டிஜிட்டல் சாதனத்தின் மற்றொரு பயன் இதனினும் மேலானது. படம் காட்டும் பெட்டியாக மட்டுமன்றி, அளக்கும் கருவியாகவும் அது பயன்படும். காதங்கி ராடாரின் தன்மை ஒரு சிறு துளியாக நம் சட்டைப் பையிலும் இருக்கிறது. கைபேசியினுள் ஒலிவாங்கி, ஒளியுணரி, அசைவுணரி, காந்தவுணரி யாவும் உள்ளன. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்னும் இலவசச் செயலி இவ்வுணரிகளைச் சோதனைச்சாலைக் கருவியாக மாற்றுகிறது.

வீட்டிலேயே செய்யத்தக்க பரிசோதனை ஒன்றைக் கூறுகிறேன். இரு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டிலும் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். முதல் ஒலியில் ஓடத் தொடங்கி, அடுத்த ஒலியில் நிற்கும் கடிகாரம் அது. முதல் கைபேசி அருகே நிற்பவர் கை தட்ட வேண்டும். சற்றுப் பொறுத்து இரண்டாம் கைபேசி அருகே நிற்பவர் தட்ட வேண்டும். முதல் கடிகாரம் முன்னதாகத் தொடங்கிப் பிந்தி நிற்கும். இரண்டாவது பிந்தித் தொடங்கி முன்னதாக நிற்கும். இரு நேரங்களின் வேறுபாடு, ஒலி 5 மீட்டர் தூரத்தைப் போகவும் வரவும் கடக்க எடுத்த நேரமாகும். வேறுபாடு ஏறத்தாழ 0.029 வினாடி வரும். 10 மீட்டரை இந்நேரத்தால் வகுத்தால், ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் என்று கிடைக்கும். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த எண், தன் கைத்தட்டலிலிருந்தே பிறந்ததைக் காணும் பிள்ளை அதை ஆயுள் முழுதும் மறவாது.

புது டில்லியில் அஜித் குமார் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்னும் சிறு பெட்டியும் இவ்வினத்தைச் சார்ந்ததே. கணிப்பொறியுடன் இணைத்தால் மின்னழுத்தம், அலை, காலம் முதலியவற்றை அளந்து காட்டும். விலையுயர்ந்த கருவிகள் பல செய்யும் வேலையை இது ஒன்றே செய்யும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மனு பிரகாஷ் 2014-ல் அறிமுகம் செய்த ஃபோல்ட்ஸ்கோப் என்பது காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. கைபேசியின் படக்கருவியோடு பொருத்தினால் குளத்து நீரில் வாழும் உயிர்களை வகுப்பு முழுதும் ஒருங்கே காணலாம்.

மொழி என்னும் படிக்கட்டு

எல்லை ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளையின் நிலையை நாம் தனியே நினைக்க வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது ஆங்கிலம். அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. "அடர்த்தி" என்று அறியாமல் வேறொரு மொழிச் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளை, எண்ணெய் ஏன் நீரில் மிதக்கிறது என்று பாட்டி கேட்டால் விடை சொல்லத் திகைக்கும். டிஜிட்டல் சாதனத்தின் பெருங்கொடை இங்கேதான் இருக்கிறது. ஒரே பரிசோதனையை ஒரு பொத்தானால் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றலாம். தமிழ்நாட்டின் பாடநூல்கள் 2018 முதல் விரைவுக் குறியீடுகளைத் தாங்கி வருகின்றன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. இவற்றின் பாடங்கள் உலகில் எங்கிருப்போர்க்கும் எட்டக் கூடியவை. வார இறுதித் தமிழ் வகுப்பில் எழுத்தும் இலக்கணமும் கற்பிப்பதோடு மாதம் ஒரு முறை தமிழிலேயே ஒரு விஞ்ஞானப் பரிசோதனை செய்து பார்த்தால், மொழி வெறும் பண்டிகைக்கால உடையாக நில்லாது சிந்திக்கும் கருவியாகும்.

சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

ஊர்ப் பள்ளிக்குத் திரை அனுப்ப எண்ணும் அன்பர்கள் பின்வருவனவற்றைச் சிந்திப்பது நலம்.

முதலாவது, ஆசிரியரைக் கேளுங்கள். எந்தப் பாடம் கற்பிக்கக் கடினமாக உள்ளது, எது அவருக்குத் தேவை என்று அவர் வாயால் வரட்டும். அவர் கேளாத கருவி அலமாரியில் உறங்கும்.

இரண்டாவது, ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கப் பணம் ஒதுக்குங்கள். ஒரு நாள் விழாப் பயிற்சி போதாது. ஆண்டு முழுதும் ஐயம் கேட்க ஆள் வேண்டும். நம்மிடையே உள்ள பொறியாளரும் மருத்துவரும் விஞ்ஞானிகளும் மாதம் ஒரு மணி நேரம் காணொளியில் பேசினால் அதுவே பெருந்தானம்.

மூன்றாவது, மின்வெட்டையும் பழுதையும் நினையுங்கள். மாவட்டத் தலைநகரில் பழுது பார்க்கத்தக்க கருவியையே வாங்குங்கள். அயல்நாட்டிலிருந்து சுமந்து வரும் அரிய கருவி, ஒரு திருகாணி போனால் அன்றே ஓய்வு பெறும்.

நான்காவது, பாடங்கள் இணையமின்றி இயங்க வேண்டும். யாரும் நகலெடுக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, திரைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கைக் கண்ணாடி வில்லை, காந்தம், வெப்பமானி, தராசு, கம்பி, சோதனைக் குழாய் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். உடைந்தால் மீண்டும் வாங்கவும் சிறிது வையுங்கள். உடைந்துவிடுமே என்ற அச்சத்தால் பூட்டி வைக்கப்பட்ட நுண்ணோக்கிகள் நம் நாட்டில் ஏராளம்.

ஆறாவது, ஓராண்டு கழித்துப் பள்ளியைக் கேட்கும்போது "எத்தனை கருவி இயங்குகிறது?" என்று மட்டும் கேளாதீர்கள். "இவ்வாண்டு பிள்ளைகள் கேட்ட வினாக்களில் சிறந்தது எது?" என்றும் கேளுங்கள்.

ஒரு கோல், ஒரு நிழல், பல நாடுகள்

கடைசியாக, செலவே இல்லாத ஒரு திட்டத்தை அன்பர்கள் முன் வைக்கிறேன். உலகெங்கும் சிதறி வாழ்வதே நமக்குக் கிடைத்த மாபெரும் சோதனைச்சாலை.

ஆண்டில் இரு நாட்களில், மார்ச் 20 அல்லது 21-லும் செப்டம்பர் 22 அல்லது 23-லும், கதிரவன் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கிறான். அன்று 1 மீட்டர் நீளமுள்ள கோலைச் சமதரையில் செங்குத்தாக நடுங்கள். கடிகாரத்தின் 12 மணியை நம்பாமல், நிழல் மிகக் குறுகும் வேளையைக் காத்திருந்து அளவெடுங்கள். பாகாலா வட்டாரத்தில் நிழல் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் இருக்கும். சிங்கப்பூரில் 2 சென்டிமீட்டரே இருக்கும். டொரோண்டோவில் 96, இலண்டனில் கோலையும் மிஞ்சி 126. சிட்னியிலோ நிழல் 67 சென்டிமீட்டர் நீண்டு, வடக்கே விழாமல் தெற்கே விழும்!

ஏன் இந்த வேறுபாடு? பூமி உருண்டை என்பதால். நிழலின் நீளத்திலிருந்து கதிரவன் உச்சியினின்று எத்தனை பாகை சாய்ந்துள்ளான் என்று கணக்கிடலாம். பாகாலா அருகே சுமார் 13.5 பாகை, இலண்டனில் சுமார் 51.5 பாகை, வேறுபாடு 38 பாகை. நிலப்படத்தில் இவ்விரு ஊர்களும் வடக்குத் தெற்காக எவ்வளவு விலகியுள்ளன என்று அளந்தால் ஏறத்தாழ 4,220 கிலோமீட்டர் வரும். 38 பாகைக்கு 4,220 கிலோமீட்டர் எனில் 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதுவே பூமியின் சுற்றளவு. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் எரட்டோஸ்தனீஸ் என்னும் அறிஞர் இம்முறையால்தான் பூமியை அளந்தார். ஒட்டகமும் காலாளும் கொண்டு அவர் காலத்தில் அறிந்த தூரத்தை இன்று பிள்ளைகள் நிலப்படத்தில் அறிவர். அளவுகளைக் கைபேசியில் நொடியில் பரிமாறிக்கொள்வர்.

இப்பரிசோதனையில் இலண்டன் பிள்ளைக்குப் பாகாலாப் பிள்ளையின் அளவு தேவை. பாகாலாப் பிள்ளைக்கு இலண்டன் பிள்ளையின் அளவு தேவை. ஒருவர் கொடுப்பவர், ஒருவர் பெறுபவர் என்ற நிலை இதில் இல்லை. அத்தை மகனும் மாமன் மகளும் இரு கண்டங்களில் நின்று ஒரே நாளில் ஒரே கதிரவனை அளக்கலாம். அடுத்த செப்டம்பருக்குள் ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊர்ப் பள்ளி ஒன்றோடு தொடர்பு கொண்டு, ஒரு கோலையும் ஒரு அளவு நாடாவையும் ஆயத்தமாக்கட்டும். மின்திரை வாங்குவது பற்றிய தீர்மானத்தை அதன் பின்னர் நிறைவேற்றினாலும் காலம் கடந்துவிடாது. அப்போது அத்திரையில் காட்டுவதற்கு நம் பிள்ளைகள் தாமே அளந்த எண்கள் இருக்கும்.